மூக்கு மந்தமானால் மறதி வருமா? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் வீட்டில் வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ. இந்தப் பக்கம் பல வீடுகளின் நிலைமை இதுதான். தொப்பைக் கொழுப்பு, மறதி நோய்க்கான ஜீன், வாசனை குறைவது ஆகிய மூன்றையும் முடிச்சுப் போட்டுச் செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து அந்தப் பிள்ளைகளின் போன் கூடிவிட்டது. அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு என்ன என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

எங்கள் ஆயாவுக்கு 76 வயது. குழம்பு அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வாசல்வரை வருகிறது, பக்கத்தில் நிற்கும் அவருக்குத் தெரியவில்லை. மறதி நோய் தொடங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வயதானால் மூக்கு மந்தமாவது மிகச் சாதாரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி குழுவினர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயதுவரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும், 80-ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் வாசனை உணர்வு நன்றாகக் குறைந்திருந்தது. அத்தனை பேருக்கும் மறதி நோய் வந்துவிடவில்லை. சைனஸ், மூக்கில் வளரும் சதை, பழைய கோவிட், தலையில் பட்ட அடி, புகையிலை, சில மாத்திரைகள் என்று காரணங்களும் நிறைய.

பின் ஏன் மருத்துவர்கள் மூக்கைக் கவனிக்கிறார்கள்? மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோயில் மூளை முதலில் பழுதுபடும் இடங்களில் ஒன்று, வாசனைச் செய்தி போய்ச் சேரும் பகுதியை ஒட்டியே இருக்கிறது. அதனால் பெயர், முகம் மறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே மூக்கு தடுமாறலாம். பார்க்கின்சன் நோயிலும் கை நடுக்கத்துக்கு வெகு காலம் முன்பே வாசனை போவதுண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. குழம்பு தீய்வது தெரியாமல் போவது வேறு. அடுப்பில் குழம்பு வைத்ததே நினைவில் இல்லாமல் பட்டாலையில் உட்கார்ந்திருப்பது வேறு. முதலாவது மட்டும் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தொடங்குங்கள். இரண்டாவதும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள்.

வாசனை குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். அதற்கு வெளிநாட்டுக் கிட் தேவையில்லை. டோட்டி உருவாக்கிய 40 வாசனைச் சோதனை உலகப் புகழ்பெற்றது, ஆனால் அதில் பூசணிக்காய்ப் பை, ரூட் பியர் எல்லாம் வரும். நம் ஆச்சிகள் வாழ்நாளில் முகராத சாமான்கள். அதில் மார்க் குறைந்தால் பழி மூக்கின் மேல் இல்லை.

அஞ்சறைப்பெட்டியை எடுங்கள். கிராம்பு, பட்டை, சோம்பு, சீரகம், பெருங்காயம், இவற்றோடு காப்பித்தூள், சந்தன சோப்பு. கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்குக்கு அருகில் காட்டுங்கள். முதலில் “ஏதாவது வாசனை தெரிகிறதா?” என்று மட்டும் கேளுங்கள். அப்புறம்தான் “என்ன அது?” இரண்டும் தனித்தனிக் கேள்விகள். வாசனையே தெரியவில்லை என்றால் மூக்கிலிருந்து தொடங்கும் பாதையைச் சந்தேகிக்கலாம். “நல்லா வாசமா இருக்கு, ஆனா என்னன்னு சொல்லத் தெரியலை” என்றால் மூளை தன் கிடங்கில் தேடிப் பெயரை எடுக்கத் திணறுகிறது. ஐம்பது வருடம் மசாலா வறுத்துத் திரித்த கை, கல்பாசிக்கும் பட்டைக்கும் வித்தியாசம் சொல்லத் தடுமாறினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டுப் பக்கமே போகாத ஐயா தடுமாறினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை!

ஒரு எச்சரிக்கை. விக்ஸ், கற்பூரம், நீலகிரித் தைலம் வைத்துச் சோதிக்காதீர்கள். அவற்றின் குளிர்ச்சியையும் காரத்தையும் முகத்து உணர்ச்சி நரம்பு தனியாகப் பிடித்துக்கொள்ளும். வாசனை முற்றிலும் போனவருக்குக்கூட “ஏதோ ஏறுது” என்று தெரியும். மிளகாய் வறுக்கும் நெடிக்குத் தும்முகிறார், அதனால் மூக்கு நன்றாக இருக்கிறது என்று நினைப்பதும் இதே தப்புக்கணக்குதான். தும்ம வைப்பது வேறு நரம்பு.

மறதி நோய்க்கான ஜீன் ஏபிஓஈ என்கிறார்களே, அது என்ன?

நம் எல்லோரிடமும் இருக்கிற ஜீன் அது. ரத்தத்திலும் மூளையிலும் கொழுப்பை ஏற்றி இறக்கும் ஒரு புரதத்தைச் செய்வது அதன் வேலை. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள். உலகில் அதிகம் பேருக்கு இருப்பது ஈ3. ஈ4 அல்சைமரோடு சேர்ந்து வருகிறது என்பதை 1993-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் காட்டினார்கள். ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு, இரண்டு பிரதிகளும் ஈ4 என்றால் 8 முதல் 12 மடங்கு என்று சொல்வது வழக்கம். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து வந்தது. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வில், ஈ4 அமெரிக்கர்களைவிட அங்குள்ளவர்களிடம் குறைவாகவே இருந்தது.

ஈ4 இருந்தும் தொண்ணூறு வயதில் வட்டிக் கணக்கை மனதிலேயே போடுகிறவர்கள் உண்டு. ஈ4 இல்லாமலே அல்சைமர் வந்தவர்களும் நிறைய. வந்தே தீரும் என்று சொல்லத்தக்க ஜீன் மாற்றங்கள் வேறு இருக்கின்றன. அவை மிக அரிது, பெரும்பாலும் அறுபதுக்கு முன்பே நோயைக் கொண்டுவரும்.

ஈ4 இருப்பவர்களுக்கு மூக்கு சீக்கிரம் மந்தமாகுமா?

அப்படித்தான் தெரிகிறது. 2023-ல் நியூராலஜி இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஈ4 உள்ளவர்களுக்கு வாசனையை நன்றாக உணரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 37 சதவீதம் குறைவு. 65-69 வயதிலேயே வாசனையை உணர்வதில் வித்தியாசம் தெரிந்தது. வாசனையை இன்னதென்று பெயர் சொல்வதில் வித்தியாசம் 75-க்கு மேல்தான் வந்தது. அஞ்சறைப்பெட்டியில் இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இது கூட்டத்தின் கணக்கு. ஒருவருடைய மூக்கை வைத்து அவருடைய ஜீனைச் சொல்லிவிட முடியாது.

எங்கள் ஐயா பிள்ளை கூட்டிக்கொண்டு வந்தவர். அவரைச் சுவீகாரம் எடுத்த வீட்டில் இரண்டு பேருக்குக் கடைசிக் காலத்தில் மறதி. அது எங்களுக்கு வருமா?

வேறு ஊரில் பயிற்சி எடுத்தபோது இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்தான்.

சுவீகாரத்தால் புள்ளி (குடும்பக் கணக்கு) மாறும், சொத்து மாறும், ஜீன் மாறாது. நோய் வரலாறு என்று மருத்துவர் கேட்கும்போது ஐயாவைப் பெற்ற வீட்டின் வரலாற்றைச் சொல்லுங்கள். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சுவீகாரம் பெரும்பாலும் பங்காளிகளுக்குள்ளேயே நடந்திருக்கும். ஐயாவின் பெற்ற தகப்பனாரும் வளர்த்த தகப்பனாரும் அண்ணன் தம்பி என்றால், அந்த வீட்டு ரத்தமும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்? எந்த முறையில் வந்தார் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பமும் உண்டு. நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, கோயில் என்ற குலப் பிரிவு தந்தை வழியில் வருகிறது, பெண் கல்யாணமானதும் கணவர் கோயிலுக்குப் போய்விடுகிறார். அதனாலோ என்னவோ, வீட்டில் நோய் வரலாறு கேட்டால் எல்லோரும் அப்பா பக்கம் மட்டுமே சொல்கிறார்கள். ஏபிஓஈ கோயில் பார்த்து வருவதில்லை. ஆயா வீட்டுப் பக்கமும் அப்பத்தா வீட்டுப் பக்கமும் சமமாகக் கணக்கில் சேரும்.

தம்பி அமெரிக்காவிலிருந்து ஆத்தாவுக்கு ஜீன் டெஸ்ட் கிட் அனுப்புகிறேன் என்கிறான். எடுக்கலாமா?

சும்மா தெரிந்துகொள்வதற்காக என்றால் வேண்டாம் என்பேன். ஈ4 என்று வந்தாலும் நான் சொல்லப்போவது ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, காது, நடை. ஈ4 இல்லை என்று வந்தாலும் அதையேதான் சொல்வேன். அதுவும் எச்சில் ஆத்தாவுடையதாக இருக்கும், முடிவு தம்பியின் மெயிலுக்குப் போகும். ஆத்தாவிடம் யார் கேட்டார்கள்? அவருக்கு ஒரு ஈ4 இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கைக்குத் தெரிய விருப்பம் இல்லாவிட்டாலும் விஷயம் அவர் காதுக்குப் போகும்.

அல்சைமருக்கான லெக்கனமாப் போன்ற புதிய ஊசி மருந்துகளைத் தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளச் சொல்வார்கள். இரண்டு ஈ4 உள்ளவர்களுக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரும் அபாயம் கூடுதல். அது நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய சமாச்சாரம்.

தொப்பைக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது, இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. மூளையில் இன்சுலினுக்கான ஏற்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று வாசனையை முதலில் வாங்கும் குமிழ்ப் பகுதி. உடல் பருத்தவர்களுக்கு வாசனை உணர்வு சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு மாதக்கணக்கில் கொழுப்புத் தீனி போட்டுப் பார்த்தார்கள். மூக்கில் வாசனை பிடிக்கும் நரம்பணுக்கள் குறைந்தன. பிறகு தீனியை மாற்றி எடை இறங்கியும் அவை பழையபடி திரும்பவில்லை. 2014-ல் வந்த ஆய்வு. எலி எலிதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

மறதி நோய்க்கும் தொப்பைக்கும் உள்ள தொடர்பு இன்னும் வலுவானது. கலிபோர்னியாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றுப் பருமனை அவர்களுடைய நாற்பதுகளின் தொடக்கத்தில் அளந்து வைத்து, முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் பார்த்தார்கள். மிகப் பெரிய தொப்பை இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகச் சிறிய வயிறு இருந்தவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மறதி நோய். மொத்த எடை சரியாக இருந்து தொப்பை மட்டும் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடியது.

ஈ4-ம் தொப்பையும் சேர்ந்தால் இரட்டிப்பு அடியா என்று கேட்டால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நல்ல செய்தி ஒன்று உண்டு. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரை வைத்து, உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு என்று இரண்டு ஆண்டுகள் நடத்திய ஃபிங்கர் ஆய்வில் ஈ4 உள்ளவர்களும் பலன் பெற்றார்கள்.

நான் ஒல்லிதான், எடை 64 கிலோ. எனக்கு எதற்கு இந்தப் பேச்சு?

நம் ஊர் ஆட்களிடம் அதிகம் எடுபடும் சாக்கு இது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை என்று வைத்திருப்பது இதனால்தான்.

எடை மெஷினை விடுங்கள், தையல்காரர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வேட்டி கட்டும் இடத்தில் அளந்துவிட்டு “84 தான் டாக்டர்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேட்டியைத் தொப்பைக்குக் கீழே கட்டியிருப்பார்கள்.

அப்பச்சிக்கு 74 வயது, கொஞ்சம் பருமன். இளைக்க வைத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். நாற்பது, ஐம்பதுகளில் தொப்பையைக் குறைப்பது ஒன்று, எழுபதுக்கு மேல் பட்டினி போட்டு இளைக்க வைப்பது முற்றிலும் வேறு. வயதான காலத்தில் உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். தசை போனால் விழுவார், இடுப்பு எலும்பு உடையும், படுக்கையில் விழுந்தபின் அறிவும் மங்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது தானாக இளைப்பவர்களைப் பார்த்துத்தான். மறதி நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடை இறங்குவதுண்டு. வாசனை போனால் சாப்பாடு மண்ணாக இருக்கும், இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்கள். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தால் (70 கிலோவுக்கு மூன்றரை கிலோ) கூட்டிக்கொண்டு வாருங்கள். “சர்க்கரை நல்லா கன்ட்ரோல்ல இருக்கு, அதான் இளைச்சிருக்கார்” என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

அப்பச்சிக்கு வேண்டியது நடை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, முட்டை, பயறு, மீன். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் நம் செட்டிநாட்டுச் சாப்பாட்டால் வந்ததுதானே?

சாப்பாட்டைத் திட்ட எனக்கு மனமில்லை. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சீயமும் விசேஷத்துக்கு என்று இருந்தவை. இப்போது எந்த நாளும் கடையில் கிடைக்கிறது, தேன்குழலும் மாவுருண்டையும் டின்னில் எப்போதும் இருக்கிறது. சிக்கல் அந்த டின்னில்தான். வாசனை குறைந்தவர் சமைக்கும் வீட்டில் இன்னொன்றும் நடக்கும். குழம்பு சப்பென்று இருப்பதாக அவருக்குத் தோன்றும், உப்பை இன்னொரு சிட்டிகை போடுவார். ரத்த அழுத்தம் ஏறும். உப்புக்குப் பதிலாக எலுமிச்சை, மிளகு, இஞ்சி, கொத்தமல்லி கூட்டிக்கொள்ளுங்கள்.

வாசனை தெரியாதவர் தனியாக இருக்கிறார். வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்?

முதலில் கேஸ். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். மூக்கு இல்லாதவருக்கு அந்தக் காவல் இல்லை. கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி, தரையை ஒட்டித் தாழ்வாக மாட்டுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். உயரே மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. ரெகுலேட்டரை ராத்திரி மூடுவது பழக்கமாகட்டும். கசிவு என்று சந்தேகம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்கச் சொல்லுங்கள். (அலோயிஸ் அல்சைமர் தன் நோயாளியைப் பற்றி முதன்முதலில் மருத்துவர்களிடம் விவரித்த ஆண்டும் 1906. நினைவில் வைக்க ஒரு வழி.)

அடுத்து ஃப்ரிட்ஜ். கெட்டுப்போன கறிக்குழம்பு அவருக்குத் தெரியாது. பாத்திரத்தின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். இண்டக்ஷன் அடுப்புக்கு மாறச் சொன்னால் ஆச்சிகள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.

போன வாசனை திரும்ப வருமா?

காரணத்தைப் பொறுத்தது. சைனஸ், மூக்கில் சதை என்றால் வைத்தியம் உண்டு. கிருமித் தொற்றுக்குப் பின் போனதற்கு வாசனைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் 2009-ல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் தினம் காலையிலும் இரவிலும், ஒவ்வொன்றையும் பத்து விநாடி போல, அது எப்படி மணக்கும் என்று நினைவுபடுத்திக்கொண்டே முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். நான்கும் இங்கே சுலபமாகக் கிடைக்கும். எண்ணெயை மூக்கில் விடக் கூடாது, பஞ்சில் தொட்டு முகர்ந்தால் போதும். இது மறதி நோயைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வல்லாரை?

துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். அதை நம்பிப் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மறதி இருப்பதாகத் தோன்றினால் நேரே மதுரைக்குப் போக வேண்டுமா?

முதலிலேயே வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை, இவை எல்லாமே மறதி போலத் தோன்றும், இவற்றைச் சரிசெய்ய முடியும். சைவம் சாப்பிடுபவர்களும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களும் பி12 அவசியம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் உள்ளூரிலேயே பார்க்கலாம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2024 லான்செட் ஆணைய அறிக்கை, மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்று சொல்லிப் பட்டியலிட்ட 14 காரணங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன், காது மந்தம், தனிமை எல்லாம் இருக்கின்றன. முதியோருக்கான அரசு உதவி எண் 14567.

வரும்போது மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஆயுர்வேதம், மருந்துக் கடையில் தானாக வாங்கியது எல்லாமும்தான். இன்னொன்று: போனில் விசாரிக்கும் மகன் சொல்வதைவிட, தினம் கூடவே இருக்கும் வேலைக்கார அம்மா சொல்வது எனக்கு அதிகம் உதவும். அவரையும் அழைத்து வாருங்கள்.